சேற்றுக்கு ஒரு பங்கு

கம்பர்லாந்தில் நவம்பர்.
மழை பெய்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
பெய்யாத நாள் வந்தால் சொல்வார்கள்.

கராஜ் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு
டோரீன் உள்ளே வந்தாள்.
தோளில் சைக்கிள்.
நான் வரைந்து, வெட்டி,
பித்தளை உருக்கி ஒட்டிய சைக்கிள்.
"ஏறிப் போனேன், சுமந்து வந்தேன்.
எட்டுக் கிலோமீட்டர்" என்றாள்.
திட்டவில்லை. அதுதான் சங்கடம்.

பின்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே
சேறு செங்கல்லாக இறுகியிருந்தது.
ஸ்க்ரூட்ரைவரால் குத்தி எடுத்தேன்:
தேவதாரு ஊசிகள், அழுகிய ஆல்டர் இலை,
மூடிய சுரங்கத்தின் கரித்தூள்,
யார் வீட்டு நாயோ கடித்துத் துப்பிய
டென்னிஸ் பந்தின் தோல்.
மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
ஒரு கிலோ நானூற்றுப் பத்து.

சட்டத்தில் முந்நூறு கிராம் குறைக்க
மூன்று மாதம் குழாய்ப் பட்டியலைப் புரட்டியவள் நான்.

திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
டயர் அறுபத்தொரு மில்லிமீட்டர்,
இரு பக்கமும் ஆறு ஆறு இடைவெளி.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
சுத்தமான வெள்ளை.
திரையில் யாரும் பள்ளத்தாக்கு இறங்குவதில்லை.

சேறு, சகதி, உளை, அளறு, தொள்ளி.
எங்கள் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை.
எந்தச் சொல் எத்தனை மில்லிமீட்டர் கேட்கும் என்றுதான்
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

பின்குழாயை நீட்டினால்
வளைவில் பேருந்துபோலத் திரும்புகிறது என்பார்கள்.
அகட்டினால் குதிகால் இடிக்கும்.
மெலிய விட்டால்
ஏதாவதொரு மரவேரின் மேல் முறியும்,
டோரீனுக்கு வயது ஐம்பத்தெட்டு,
முறிவதற்கு அவளிடம் வேறு எலும்புகள் இல்லை.
பெடல் அச்சுக்குப் பின்னே
ஒரு விரற்கடை நிலம்.
டயர் கேட்கிறது, பல்சக்கரம் கேட்கிறது, கிராங்கு கேட்கிறது.
சேறு கேட்பதே இல்லை,
வந்து குடியேறிவிடுகிறது.

வைஸில் குழாயைப் பிடித்து
உருளைத் துண்டை வைத்து முறுக்கினேன்.
எஃகு கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு, வளர்ந்த பிள்ளை
சோபாவில் நகர்ந்து உட்காருவதுபோல
உள்வாங்கிக்கொண்டது.
அந்தப் பள்ளத்தில் நாலு மில்லிமீட்டர்.
மீதி இரண்டுக்காக
வாலைப் பன்னிரண்டு நீட்ட வேண்டியிருந்தது.
பேருந்து என்பவர்கள் என்னட்டும்.

குறுக்குப் பாலத்தை மேலே ஏற்றினேன்.
குழாய்க்குள் ஓடிய கேபிளை வெளியே எடுத்தேன்,
ராத்திரி ஒன்பது மணிக்கு அறுந்தாலும்
சமையல் மேசையில் மாற்றலாம்.
மட்கார்டுக்கு இரண்டு திருகுத் துளை.
காம்ப்பெல் ரிவர் பையன் ஒருவன்
பள்ளத்தைத் தடவிப் பார்த்து,
"அடிபட்டதா?" என்றான்.
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை.

கடைசியாக அச்சுக்கூட்டின் அடிவயிற்றில்
நாலு மில்லிமீட்டர் ஓட்டை.
தண்ணீர் எப்படியும் உள்ளே வரும்.
இருக்கைக் குழாய் வழியாக, திருகு வழியாக,
நான் பற்றவைத்ததில்
எனக்கே தெரியாத மயிரிழை வழியாக.
வராதே என்று ரப்பர் வளையம் மேல் வளையமாகப்
போட்டுப் பார்த்தாயிற்று.
துரு அதற்குள் இருந்துகொண்டுதான் சிரித்தது.
இப்போது போகச் சொல்லி ஒரு வழி,
அவ்வளவுதான்.

பிப்ரவரி.
டோரீன் உருட்டிக்கொண்டு வந்தாள்.
மஞ்சள் வண்ணம் அவள் தேர்ந்தது,
கைப்பிடிக்குக் கீழே எங்கும் மஞ்சள் இல்லை.
சக்கரத்தைக் கையால் சுழற்றினேன்.
கரகரவென்று முனகிக்கொண்டு சுற்றியது, நிற்கவில்லை.
அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.
"பிரேக் பட்டை போச்சு. மூன்றே வாரம்" என்றாள்.

சிமெண்ட் தரையில்
அந்த ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு,
தேநீர் நிறத்தில்.
இன்னொன்று.

சுரண்டியெடுத்ததைப் பழக்கத்தில் தராசில் போட்டேன்.
நூற்றுத் தொண்ணூறு.
இரவு அதே தராசில் ரொட்டிக்கு மாவு நிறுத்தேன்,
துடைத்துவிட்டுத்தான்.
பிரேக் பட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டே
உப்பை மறந்துபோனேன்.